மடி முடிச்சும் டிக்டிக் பெட்டியும்

அந்தப் பெட்டி செல்லக்கிளியைப் பார்த்துக் கத்தியதும், முந்தல் ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் முறத்தோடு பின்னால் நகர்ந்தார்கள். சற்று முன்புவரை அவளோடு தோளுரசி உட்கார்ந்து, "புதுப்பொண்ணு மொகத்தப் பாரு, இப்பவே சிலமலையில குடியிருக்கா" என்று சீண்டிக்கொண்டிருந்தவர்கள்தான். நல்ல சிநேகிதிகள், போங்கள். வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்குக் கல்யாணம். கத்துவதற்கு அந்தப் பெட்டிக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

வினை சீமையில் ஆரம்பித்தது. ஐம்பத்தேழாம் வருஷம் புரட்டாசிக் கடைசியில் அங்கே ஓர் அணு உலை தீப்பற்றிக்கொண்டது. புகை காற்றோடு போய்ப் புல்லில் இறங்கி, புல்லைத் தின்ற மாட்டின் பாலில் கதிர் ஏறிவிட்டதென்று, அந்த வட்டாரத்துப் பாலையெல்லாம் ஆற்றிலும் கடலிலும் கொட்டினார்கள். பேப்பரில் இது நாலு வரிதான் வந்தது. முந்தலில் டீக்கடை வைத்திருந்த அமாவாசை அந்த நாலு வரியை வாரக்கணக்கில் வாசித்தார். அவர் வாசிக்க வாசிக்க, சீமைப் புகை கடல் தாண்டி, பம்பாய் தாண்டி, போடி மலையில் வந்து மழையாக இறங்கிவிட்டது. டீயில் பால் குறைந்ததற்கும் அவர் அதையே காரணம் சொன்னார்.

கார்த்திகை பிறந்து மழை கொஞ்சம் விட்ட நேரத்தில், பம்பாயிலிருந்து தாமோதரன் என்ற அணுசக்தி இலாகா அதிகாரி நிஜமாகவே வந்து இறங்கினார். மலைச்சரிவில் விழுகிற மழை, புல், பால், ஏலச்செடி எல்லாவற்றையும் அளந்து பார்க்கச் சொல்லி அவரை அனுப்பியிருந்தார்கள். ஒல்லியான மனுஷர், பெரிய கண்ணாடி, கையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. பெட்டியிலிருந்து வயர் போட்டு ஒரு குழாய். குழாயை எதன் பக்கம் நீட்டினாலும் பெட்டி 'டிக்... டிக்...' என்று நிதானமாக அடிக்கும். எஸ்டேட் ஜீப்பை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். ஜீப்பை ஓட்டியவன் சிலமலைக் கன்னையன். அவன்தான் செல்லக்கிளிக்குப் பேசிய மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு லீவு கேட்கப் போனவன் தலையில் இந்தச் சோலியைக் கட்டிவிட்டார்கள் என்று அவன் வெளியே சலித்துக்கொண்டாலும், ஜீப்பு தினமும் ஸ்டோர் வழியாகவே போய்வந்ததை எல்லாரும் கவனித்தார்கள்.

"எங்கயும் கொஞ்சம் அடிக்கும், பயப்படாதீங்க," என்று தாமோதரன் போகிற இடமெல்லாம் சொன்னார். "பாறை, மண்ணு, ஆகாசம், எல்லாத்திலயும் இயற்கையாவே கதிர் இருக்கு. இந்த நிதானம் தப்பினாத்தான் யோசிக்கணும்."

நிதானம் எங்கேயும் தப்பவில்லை. மழைத்தண்ணிப் பானை, பால் செம்பு, ஏலத்தட்டை, அமாவாசையின் பாய்லர், எல்லாவற்றுக்கும் ஒரே டிக். பயம் தெளிந்த சனத்துக்கு அப்புறம் அதுவே விளையாட்டாகிவிட்டது. எனக்குப் பிடி, என் மாட்டுக்குப் பிடி என்று வரிசையில் நின்றார்கள். அன்றைக்கு முற்பகல் ஸ்டோருக்கு வந்தபோது கன்னையன்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "சார், இந்தப் பிள்ளைக்கும் ஒரு தடவ பிடிங்க. நான் கட்டிக்கப்போறேன், சரக்கு எப்படின்னு பாத்துக்கிறேன்" என்றான்.

செல்லக்கிளி முறத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். "பிடிங்க சார். அப்புறம் இவுகளுக்கும் பிடிங்க. மண்டைக்குள்ள ஏதாச்சும் இருக்கான்னு நானும் பாக்கணும்."

தாமோதரன் சிரித்துக்கொண்டே குழாயை நீட்டினார். பெட்டி கடகடவென்று, தகரத்தில் மழை கொட்டியது போல அடித்தது. அவர் சிரிப்பு நின்றது. குழாயைப் பின்னால் இழுத்தார், அடங்கியது. மறுபடி நீட்டினார், மறுபடி கொட்டியது.

"போன வாரம் மழையில தொப்பலா நனைஞ்சுதான வந்தா?" என்றார் அமாவாசை. டீ கொண்டுவந்தவர் டீயை மறந்து நின்றார். அவர் எதையும் மெதுவாகச் சொல்லிப் பழகாதவர். சிலமலைக்குப் போகிற லோடு வண்டி அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தது. அதில் மூட்டையோடு மூட்டையாக இந்தச் சேதியும் ஏறிப் போய்விட்டது.

தாமோதரன் மட்டும் பதறவில்லை. அவளை ஒரு ஏலக்காய் மூட்டை மேல் உட்காரவைத்துத் தானும் எதிரில் உட்கார்ந்தார். "அம்மா, சீமையில என்ன நடந்துச்சுன்னா, உலைக்குள்ள சூடு பாக்குற கம்பி ஒரு பக்கம் இருந்துச்சு, சூடு வேற பக்கம் ஏறுச்சு. கம்பி சொன்னத வச்சு என்ன கோளாறுன்னு புரியல. கடைசியில ஆளே போய் மூடியத் தொறந்து எட்டிப் பாத்தாங்க. உள்ள செக்கச்செவேல்னு எரியுது. அதனால மொத்தமா அளந்து ஒண்ணும் ஆகாது. எந்த எடம்னு பாக்கணும். தோடு, வளையல் எல்லாத்தையும் கழட்டிக் குடு."

அவள் கழற்றிக் கொடுத்தாள். தோட்டுக்கு டிக், வளையலுக்கு டிக். தலைக்கு நேரே பிடித்தார், நிதானம். காலுக்கு நேரே பிடித்தார், நிதானம். குழாய் இடுப்புக்கு வந்ததும் பெட்டி அலறியது. இடது பக்கம், சேலைச் சொருகலுக்குள்.

செல்லக்கிளியின் கை தன்னாலே அங்கே போய் மூடிக்கொண்டது.

"என்னம்மா அது?"

"ஒரு முடிச்சு."

"உள்ள என்ன இருக்கு?"

"தெரியாது."

"அவுத்துக் குடு, பாத்துரலாம்."

"மாட்டேன் சார்."

கன்னையன் பக்கத்தில் வந்தான். "ஏ புள்ள, வெளையாடாத. வெரசா அவுத்துக் குடு."

"மாட்டேன்."

"யாரு குடுத்த முடிச்சு அது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சொல்ல முடியாது. பரிசம் போட்ட அன்று கன்னையனின் அம்மா மொக்கம்மாள் அவளைத் தனியே அடுப்படிக்குக் கூட்டிப்போய், மஞ்சள் துணி முடிச்சு ஒன்றைத் தன் கையால் அவள் மடியில் கட்டினாள். "இது என் மகன் உசுருக்கு நேந்த நேர்த்தி. தாலி ஏறுற வரைக்கும் அவுக்கவும் கூடாது, யாருட்டயும் மூச்சு விடவும் கூடாது. அவன்ட்டயும்தான். வெளிய சொன்னா நேர்த்தி பலிக்காது" என்று சொல்லித் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அவன் உசுரு என்ற பிறகு செல்லக்கிளி எப்படி வாயைத் திறப்பாள்? குளிக்கும்போதுகூட முடிச்சை அவிழ்க்காமல் கண்படுகிற இடத்தில் வைத்துவிட்டுக் குளித்தவள் அவள்.

அவள் பேசாமல் நின்றதும் மற்றவர்கள் பேச ஆரம்பித்தார்கள். முறத்தோடு நகர்ந்த சிநேகிதிகளில் ஒருத்தி, "வசிய மருந்து வச்சிருப்பா. அதான் ஜீப்பு தெனமும் இந்தப் பக்கம் வருது" என்றாள். ஆகா, நாக்கா அது. ஸ்டோர் கங்காணியும் செல்லக்கிளியின் அப்பாவுமான ஜக்கையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆத்தா, என்னான்னு சொல்லித் தொலையேன். மானம் போகுது" என்று கெஞ்சினார். செல்லக்கிளிக்குக் கண்ணில் நீர் முட்டியது. அப்பாவைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

மதியச் சாப்பாட்டு வேளைக்கு மொக்கம்மாள் வந்து சேர்ந்தாள். பஸ்சிலிருந்து இறங்கும்போதே பேசிக்கொண்டு இறங்கினாள். நல்ல உயரம், உயரத்துக்கு ஏற்ற குரல். சிலமலையில் அவள் பேசினால் போடியில் திரும்பிப் பார்ப்பார்கள் என்பார்கள்.

"கங்காணியாரே, பொண்ணு ஒடம்புல சீமை விசம் ஏறியிருக்காமே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீகளா? எனக்கு இருக்கிறது ஒத்தப் பிள்ளை. இந்த வெள்ளிக்கிழமை கல்யாணம் நடக்காது."

"ஆத்தா, சும்மா இரு" என்றான் கன்னையன். "எனக்கு இந்தப் பிள்ளைதான். பெட்டி கத்துனா கத்திட்டுப் போகுது."

"நீ வாய மூடு. மருந்து தின்னவன் பேச்சு அப்படித்தான் இருக்கும். வர்ற வழியெல்லாம் சொல்லுறாக, இடுப்புல மருந்து முடிஞ்சு வச்சிருக்காளாம். தெறந்து காட்டவும் மாட்டேங்கிறாளாம். எங்க, அந்த முடிச்ச நானும் பாக்குறேன்."

தாமோதரன் குழாயை நீட்டினார். பெட்டி கொட்டி முழக்கியது. செல்லக்கிளி விரலைச் சற்று விலக்கினாள். சொருகலின் ஓரத்தில் மஞ்சள் துணியின் நுனி தெரிந்தது.

மருந்து என்றதும் வேறு ஏதோ முடிச்சென்று நினைத்து வந்த மொக்கம்மாள், வாயைத் திறந்தவள் திறந்தபடியே நின்றாள். அவள் பேச்சில்லாமல் நின்றதை அந்த வட்டாரத்தில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. செல்லக்கிளி அவளை நிமிர்ந்து பார்த்தாள், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணம் நிற்கிறது, மருந்துக்காரி என்று பேர் வந்துவிட்டது, அப்பன் தலை குனிந்து நிற்கிறான், அப்போதும் சொல்லவில்லை. மொக்கம்மாள் நினைத்திருந்தால் அப்படியே பஸ் ஏறிப் போயிருக்கலாம். அந்த முடிச்சு யார் கட்டியதென்று எந்தப் பெட்டியும் சொல்லியிருக்காது.

ஆனால் அவள் விடுவிடுவென்று வந்து செல்லக்கிளியின் முகவாயைப் பிடித்துத் தூக்கினாள். "ஏண்டி, இவ்வளவு நடக்குது. அத்தை கட்டினதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னா?"

"நீங்கதான அத்தை சொல்லக் கூடாதுன்னீக. அவுக உசுருன்னீக."

மொக்கம்மாளுக்குக் கண் பொங்கிவிட்டது. சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "எவடி மருந்துன்னது? நான் கட்டுன முடிச்சு இது. என் மருமகள இன்னொரு வார்த்தை பேசினா நாக்க இழுத்து வச்சு அறுத்துப்புடுவேன்." மருந்து என்று ஊதியவள் ஏலக்காய் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். மொக்கம்மாளே அதைச் சொன்னாள் என்பதை அவளுக்கு ஞாபகப்படுத்த யாருக்கும் தைரியம் வரவில்லை.

"அவுத்தா நேர்த்தி போயிருமே அத்தை" என்றாள் செல்லக்கிளி.

"ஒன்னையத்தான அவுக்கக் கூடாதுன்னேன். கட்டுன கை அவுக்கலாம். நான் சொல்றதுதான் சட்டம்."

தாமோதரன் வெள்ளைக் காகிதம் ஒன்றை விரித்தார். மொக்கம்மாள் முடிச்சை அவிழ்த்துக் கொட்டினாள். ஒரு கைப்பிடி மணல். கறுப்பும் சிவப்பும் பழுப்பும் கலந்து மினுமினுத்தது. பெட்டி வெறிபிடித்தாற்போல அடித்தது.

"கன்னியாகுமரி மண்ணா?" என்றார் தாமோதரன். அவர் முகம் முழுவதும் சிரிப்பு விரிந்துவிட்டது.

"மண்ணுன்னு சொல்லாதீக சாமி. அது அரிசி. ஆத்தா குமரிக்குக் கல்யாணம் நின்னு போச்சுல்ல, அன்னைக்கு விருந்துக்கு வச்சிருந்த அரிசியும் பருப்பும் மண்ணாப் போச்சு. போன வருசம் இவன் மேட்டுல ஜீப்போட உருண்டான். நெனவு தெளியாமக் கெடந்தான். 'தாயே, பிள்ளையக் குடு, ஒன் அரிசிய ஒரு கல்யாணத்துல சேர்த்து ஒனக்கும் கல்யாணம் பண்ணி வைக்கிறேன்'னு நேந்துக்கிட்டேன். இவன் எந்திரிச்சு உக்காந்ததும் பஸ்சு ஏறிப் போயி அள்ளிட்டு வந்தேன். கல்யாணப் பொண்ணு மடியில சொமந்து, தாலி ஏறயில அட்சதையோட போடணும். இதுல என்னா குத்தம்?"

"குத்தமே இல்ல. அந்தக் கடற்கரை மண்ணுல இயற்கையாவே கதிர் இருக்கும். எங்க டிபார்ட்மெண்டு அதைத் தேடித்தான் அலையுது. சீமைப் புகைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல." மணலை மேசை மேல் தள்ளி வைத்துவிட்டு மறுபடியும் செல்லக்கிளியின் பக்கம் குழாயை நீட்டினார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். டிக்... டிக்... அமாவாசையின் பாய்லருக்கு அடித்த அதே நிதானம். "பொண்ணு சுத்தம். இந்தக் கொஞ்ச நாளைக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. ஆனா இனிமே இடுப்புல வேண்டாம், டப்பாவுல வச்சு கூரை எரவாணத்துல செருகிடுங்க."

"மடியில சொமக்கணும்னுல்ல நேந்தேன்?"

"இத்தனை நாள் சுமந்துட்டாளே அம்மா. ஊர்ப் பழியையும் சேர்த்துச் சுமந்துட்டா."

மொக்கம்மாள் யோசித்தாள். "சரி, ஆத்தா ஏத்துக்கிருவா. ஆனா அட்சதையில போடுவேன். அதுல யாரும் குறுக்க வரக் கூடாது."

"தாராளமாப் போடுங்க. சோத்துல மட்டும் போட்டுறாதீங்க."

ஜக்கையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அமாவாசை, எல்லாருக்கும் டீ போடப்பா, பால் தாராளமா ஊத்து" என்றார். சிநேகிதிகள் முறத்தோடு போனவர்கள் முறத்தோடு திரும்பி வந்தார்கள். செல்லக்கிளி அவர்களுக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள், ஆனால் சாயங்காலம்வரை ஒருத்தியோடும் பேசவில்லை. கன்னையன் மட்டும் அவள் பக்கத்தில் வந்து, "எனக்காகவா புள்ள வாயத் தொறக்கல?" என்று கேட்டான். "உங்க மண்டைக்குள்ள ஏதாச்சும் இருக்கான்னு இன்னும் பாக்கல, போங்க" என்றாள். சொல்லும்போது சிரிப்பு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்குத் தாமோதரனும் வந்திருந்தார். பம்பாய்க்குப் போகவேண்டியவரை மொக்கம்மாள் விடவில்லை. "வரயில அந்தப் பெட்டியையும் கொண்டாங்க" என்று வேறு சொல்லியிருந்தாள். மனுஷர் எதற்கென்று புரியாமல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மொக்கம்மாள் டப்பாவைத் திறந்து, மஞ்சள் அரிசித் தட்டில் அந்த மணலைக் கலந்தாள். பிறகு அவரை எழுப்பி மணவறைக்குப் பக்கத்தில் நிறுத்தி, தட்டுக்கு நேரே குழாயைப் பிடிக்கச் சொன்னாள்.

"இத்தன சனத்துக்கு முன்னால என் மருமகளப் பேச்சு வாங்க வச்ச பெட்டி. இன்னைக்கு வாழ்த்திட்டுப் போகட்டும்."

பெரியவர் ஒருத்தர் கைகாட்ட, கெட்டிமேளம் முழங்கியது. கன்னையன் தாலியைக் கட்டினான். மொக்கம்மாள் முதல் கைப்பிடியை அள்ளி, "தாயே, ஒனக்கும் ஆச்சு" என்று சொல்லி இருவர் தலையிலும் போட்டாள். தட்டைச் சுற்றிக் கைகள் நீள, தவிலோடு போட்டி போட்டுக்கொண்டு பெட்டி கடகடவென்று அடித்தது. செல்லக்கிளி குனிந்த தலையோடு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை யாரும் பின்னால் நகரவில்லை.