இறக்கத்துக்கு முன் ஒரு சத்தம்

நானூற்றுப் பன்னிரண்டு நாட்கள். ஸ்டெய்ன்பக்கன் டிராம் நிறுத்தத்தின் கண்ணாடித் தடுப்பில் யாரோ சிவப்பு மார்க்கரால் அந்த எண்ணை எழுதியிருந்தார்கள். நேற்றைய எண்ணைக் கையுறையால் தேய்த்து அழித்த கறை அதைச் சுற்றி இருந்தது. புதிய டிராம்கள் வருவதாகச் சொன்ன தேதி தாண்டியதிலிருந்து தினமும் காலையில் யாரோ எழுதிவிட்டுப் போகிறார்கள். யார் என்று டிப்போவில் யாரும் தேடவில்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

டிராம் ஓட்டுநர் மாரித் கதவுகளைத் திறந்தாள். முன்னால் போகவேண்டிய வண்டி டிப்போவை விட்டே கிளம்பாததால் இரண்டு வண்டிக் கூட்டம் ஒரே வண்டியில் ஏறியது. நனைந்த கம்பளி வாடை ஓட்டுநர் அறைக்குள்ளும் வந்தது. மேட்டிலிருந்து துறைமுகம் வரை தண்டவாளம் நேராக இறங்குகிறது. இரவு பெய்த மழையில் மேப்பிள் இலைகள் அதன்மேல் வழுக்கலாக ஒட்டிக் கிடந்தன.

"அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் எங்க வாங்கணும்?" என்றார் தொப்பி போட்ட பெரியவர்.

"உள்ள வந்துட்டீங்கல்ல, இனிமே நீங்களும் காட்சிப் பொருள்தான்," என்றாள் மாரித்.

பெரியவர் சிரித்தார். அவருக்குப் பின்னால் நின்ற பெண் சிரிக்கவில்லை. கோட்டுக்குக் கீழே ஆஸ்பத்திரிச் சீருடையின் வெள்ளைக் கால்சட்டை தெரிந்தது.

"இந்த வாரத்துல மூணாவது தடவை லேட்டாகுது. ராத்திரி பூரா வார்டு பார்த்தவ, நான் வந்தாத்தான் வீட்டுக்குப் போகமுடியும். அவகிட்ட நான் என்ன சொல்றது?"

"மன்னிச்சுக்குங்க. வண்டி பழசு."

"அதை ஒரு வருஷமா கேட்டாச்சு."

மாரித் மைக்கை எடுத்து, கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்துப் படித்தாள். புதிய வண்டிகள் வந்து சேரும்வரை பயணிகள் பொறுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். பின்னாலிருந்து யாரோ அவளோடு சேர்ந்து ராகம் போட்டு அதை முடித்தார்கள். பாதி வண்டி சிரித்தது. வசந்த காலத்தில் ஒருவன் இதே அறிவிப்புக்காக அறைக் கண்ணாடியில் காப்பியை வீசினான். அதைவிட இது பரவாயில்லை.

வெள்ளிக்கிழமையோடு அவளுடைய தற்காலிக ஒப்பந்தம் முடிகிறது. நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று யோரன் சொல்லுவான். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து ரேடியோவில் அவளோடு பேசுபவனும் அவன்தான். இதற்கு முன்னால் அவள் மீன் பொட்டலம் போடும் ஆலையில் ஒன்பது வருஷம் நின்றாள். குளிர் வந்தால் இன்னமும் இடது கையின் இரண்டு விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். திரும்ப அங்கே போகக்கூடாது என்பதைத் தவிர அவளுக்கு வேறு திட்டம் இல்லை.

கடைசியாக ஒட்வார் ஏறினான். டிப்போவின் மூத்த மெக்கானிக். பனியிலும் சைக்கிளில் வருகிறவன். டிராமை ரிப்பேர் பார்க்கலாம், அதில் போகக்கூடாது என்று சொல்லுகிறவன். இந்த வாரம் மட்டும் தினமும் இங்கே ஏறி, அவளுடைய அறைக்கு வெளியே, கைப்பிரேக்கின் கறுத்த இரும்புச் சக்கரத்தை ஒட்டி நிற்கிறான். இறக்கத்தின் அடியில் மீன் சந்தையில் இறங்கி, திரும்ப மேடேறி நடந்து போய்விடுகிறான்.

"இன்னைக்கும் வந்துட்டியா?" என்றாள் மாரித். "உன் பொண்டாட்டிகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

"காத்து வாங்க வந்தேன்னு சொல்லு."

அவன் அவளைப் பார்க்காமல் இலைகளைப் பார்த்தான். காகிதத்தில் சுற்றிய ரொட்டி அவன் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது. பழுப்புச் சீஸ் வாசனை வந்தது. நேற்றும் அவன் அதைப் பிரிக்கவில்லை.

கதவை மூடப்போகும்போது மழலையர் பள்ளிக் குழந்தைகள் ஓடிவந்தார்கள். மஞ்சள் மேலங்கி போட்ட பன்னிரண்டு பேர், ஒரே கயிற்றைப் பிடித்தபடி. பெரியவர்கள் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்து இடம் விட்டார்கள். ஆசிரியை குழந்தைகளை முன்பக்கம் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"தொம் எப்போ வரும்?" என்றாள் முன்பல் இல்லாத ஒரு சிறுமி.

"இப்பல்லாம் அது வர்றதில்லம்மா," என்றாள் ஆசிரியை.

கோடைவரை வந்துகொண்டிருந்தது. இறக்கத்துக்கு முன்னால் எல்லா ஓட்டுநர்களும் நின்ற வண்டியில் பிரேக்கை அடிவரை மிதிப்பார்கள். சக்கரப் பிரேக் வழுக்கினாலும் வண்டியை நிறுத்துவதற்காகத் தரைக்கடியில் இருக்கும் கனத்த இரும்புக் கட்டைகள் தொம்மென்று விழுந்து தண்டவாளத்தைக் கவ்வும். அந்தச் சத்தம் உள்ளங்காலில் ஏறும். குழந்தைகள் அதற்காகவே இங்கே காத்திருப்பார்கள். ஆகஸ்டில் உத்தரவு வந்தது: இனிமேல் சோதனையை டிப்போவிலேயே மெக்கானிக்குகள் செய்துவிடுவார்கள், மேட்டில் நின்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சிறுமி மாரித்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, உனக்காக ஒரு தடவை," என்றாள் மாரித்.

"வேணாம்," என்றான் ஒட்வார்.

அவள் மிதித்துவிட்டாள். காலுக்கடியில் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி மிதித்தாள். முன் பலகையில் பிரேக்கின் பச்சை விளக்கு எப்போதும்போல எரிந்தது.

"வரலையே," என்றாள் சிறுமி.

மாரித் அறைக் கதவைத் திறந்தாள். ஒட்வாரின் இரண்டு கைகளும் இரும்புச் சக்கரத்தின்மேல் இருந்தன.

"பச்சை எரியுது," என்றாள் தணிந்த குரலில்.

"எரியும்."

"ஏன் சத்தம் வரல?"

"மெதுவா இறங்கு. நான் இதைப் பிடிச்சுக்கறேன். மூணு நாளா ஒண்ணும் ஆகல இல்ல?"

"இதுக்குத்தான் வர்றியா?"

அவன் மறுபடி தண்டவாளத்து இலைகளைப் பார்த்தான். பின்னால் யாரோ கம்பியைத் தட்டினார்கள். "என்னம்மா, ரெண்டு பேரும் கல்யாணத்துக்கு நாள் பார்க்கறீங்களா? கிளம்புங்க." இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. தரையில் பூட்ஸ் கால்கள் தாளம் போட ஆரம்பித்தன.

ரேடியோ கரகரத்தது. "மாரித், ஏன் நிக்கற? உனக்குப் பின்னாடி எல்லாம் அடைச்சுக் கிடக்கு."

"பிரேக் சத்தம் வரல, யோரன்."

"விளக்கு என்ன காட்டுது?"

"பச்சை."

"அப்புறம் என்ன? கிளம்பு. வெள்ளிக்கிழமை ஞாபகம் இருக்கட்டும்."

அவள் சாவியைத் திருப்பி எடுத்தாள். தரையின் அதிர்வு அடங்கியது. விளக்குகள் மங்கின. கூச்சல் பெரிதாயிற்று.

"கன்ட்ரோல் ரூம்ல சொல்லியாச்சு, யோரனே கிளம்புன்னுட்டான்," என்றான் ஒட்வார். "உன்மேல தப்பு வராது. சாவியைப் போடு."

"மத்த வண்டிகள்ல யார் இந்தச் சக்கரத்தைப் பிடிச்சுக்கறாங்க?"

"அவங்க பழைய ஆளுங்க. இந்த இறக்கம் அவங்களுக்குப் பழக்கம். நீ புதுசு, இலை விழ ஆரம்பிச்சா தண்டவாளம் வழுக்கும், அதான் உன்கூட வந்தேன். ரெண்டே வாரம்னாங்க. புது வண்டி கப்பல்ல ஏறிடுச்சுன்னாங்க."

ஆஸ்பத்திரிப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "நீங்க கிளப்பலேன்னா கதவையாவது திறங்க, நான் நடந்தே போறேன். என்னதான் கோளாறு?"

மாரித் மைக்கை எடுத்து ஒட்வாரிடம் நீட்டினாள். சக்கரத்தை விட்டால்தான் அதைப் பிடிக்க முடியும். அவன் விட்டான். அவள் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவனுடைய மூச்சு வண்டி முழுக்கக் கேட்டது. பூட்ஸ் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

"நான் டிப்போ மெக்கானிக்," என்றான். "இந்த வண்டியில தண்டவாளத்தைக் கவ்வற பிரேக் இல்ல. தேஞ்சுபோச்சு, மாத்த சாமான் இல்ல. ஆகஸ்ட்ல கழட்டினோம். விளக்கு எரியணும்னு மேலிடத்துல சொன்னாங்க. வயரை மாத்திப் போட்டது நான்."

ஆசிரியை குழந்தைகளின் கயிற்றைத் தன் கையில் ஒருமுறை சுற்றிக்கொண்டாள். மாரித் கதவுகளைத் திறந்தாள். குளிர்காற்று உள்ளே வந்தது.

அடுத்த தடத்தில் துறைமுகத்திலிருந்து ஒரு டிராம் மேடேறி வந்தது. ஜன்னல் முழுக்க முகங்கள். கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பி அது இதே இறக்கத்தில் இறங்கவேண்டும். அதன் ஓட்டுநர் கடந்து போகும்போது வழக்கம்போல் அவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினான்.

ஒட்வாரின் வாயருகே மைக் இன்னும் இருந்தது.

"அதுலயும் இல்ல," என்றான்.