முதல் தட்டு

மூன்றாவது பானையிலும் அரிசி வேகவில்லை. பல்லில் நறநறத்தது.

நாளை லியோனில்டாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை குஸ்தோடியோ மனைவியை இழந்தவன். போர்ச்சுகலின் மொன்தேகு ஆற்றங்கரையில் கல்யாணத்துக்கு முந்தின நாள் வீட்டுக்கு வீடு பால்சோறு போகும். இரண்டாம் கல்யாணம் என்றால் முதல் தட்டு இறந்தவளின் தாய்க்கு. அவள் தொடாமல் திருப்பிவிட்டால் கல்யாணம் நின்றது என்று அர்த்தம்.

"எங்க வீட்டுல அரிசி வெந்த பிறகுதான் சர்க்கரை போடுவோம், மதினி," என்றாள் லியோனில்டா, மாப்பிள்ளை வீட்டு அடுப்படியில் நின்று.

"இது உங்க வீடு இல்லையே!" மாப்பிள்ளையின் அக்கா தியோலிந்தா நோட்டைத் தட்டிக் காட்டினாள். குஸ்தோடியோவின் இறந்த மனைவி ஜுல்மீராவின் கையெழுத்து. "பால், அரிசி, சர்க்கரை எல்லாம் ஒண்ணாப் போடணும்னு எழுதியிருக்கா பாரு. அவ அம்மாவுக்கு மக கைப்பக்குவம்தான் வேணும். முப்பத்தெட்டு வயசுல கிடைச்ச மாப்பிள்ளை. அடுப்புல தொலைச்சிடாத!"

மிச்சப் பால் ஒரு பானைக்குத்தான் வரும். தியோலிந்தா பட்டைப் பொடி வாங்கக் கடைக்குக் கிளம்பினாள். லியோனில்டா பாலில் அரிசியையும் எலுமிச்சைத் தோலையும் போட்டாள். சர்க்கரைக் கிண்ணத்தைத் தூக்கினாள்.

யாரோ மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

ஈரமான, ஜில்லென்ற விரல்கள். சமையலறையில் யாருமே இல்லை. கையை இழுத்தாள். பிடி இறுகியது. பால் அடிப்பிடிக்கக் கூடாதே என்று இடது கையால் கிளறினாள். அரிசி மலர்ந்து குழைந்த பிறகுதான் பிடி தளர்ந்தது. சர்க்கரை தானாகச் சரிந்தது.

மாலையில் லியோனில்டா கொண்டுபோன முதல் தட்டிலிருந்து ஜுல்மீராவின் தாய் பியதாத் அம்மா ஒரு கரண்டி வாயில் வைத்தாள். முகம் வெளுத்தது.

"நோட்டுல என் மக வேணும்னேதான் தப்பா எழுதினா. எங்க குடும்பத்துல சரியானதை வாயாலதான் சொல்லுவோம். உனக்கு யாருடி சொன்னது?"

லியோனில்டா கையை நீட்டினாள். மணிக்கட்டில் நீலமாய் ஒரு கட்டைவிரல் தடம், மூன்று விரல் தடங்கள். நான்காவது இல்லை.

கிழவி அந்தத் தடங்களைத் தடவினாள். "அறுவடையில சுண்டுவிரலை வெட்டிக்கிட்டா. அப்போ அவளுக்குப் பத்து வயசு." கையை விடாமலே கேட்டாள். "அங்கேயேதான் இருக்காளா?"

"இருக்காங்கம்மா."

"அவளோட ஒத்துப்போவியா? துரத்த மாட்டியே?"

லியோனில்டா தன் மணிக்கட்டை ஒருமுறை பார்த்தாள்.

"அந்த அடுப்பு என்னைவிட அவங்களுக்குத்தானே பழக்கம். கூடவே இருந்துக்குறேன்மா."

பியதாத் அம்மா தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தாள்.

லியோனில்டா திரும்பி வந்தபோது வீட்டில் ஆளில்லை. சமையலறைக் கதவு திறந்தே கிடந்தது. அவள் இரண்டு முறை தட்டிவிட்டு, பதிலுக்குக் காத்து நின்றாள்.