கயிற்றுக்கடைக்காரன் போட்ட முடிச்சு

பொன்முடி அடிவாரத்து எஸ்டேட் வாசலில் அமைப்பாளர் ஸ்ரீஜித் மைக்கில் பாதுகாப்பு விதிகளை வாசித்தபோது நான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். நாயின் பெல்ட்டைக் கையில் சுற்றக் கூடாதாம். காட்டெருமை துரத்தினால் உடனே விட்டுவிட வேண்டுமாம். விடுவதற்கா பிடிக்கிறோம்? முப்பது வருஷம் சாலைக் கடைத்தெருவில் கயிறு விற்றவனிடமா இந்தக் கதை? பெல்ட்டைப் பையில் போட்டுவிட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த நைலான் கயிற்றை நாய் பப்படத்தின் கழுத்துப்பட்டையில் கட்டினேன். மறுமுனையை என் மணிக்கட்டில், லாரிச் சுமைக்குப் போடும் முடிச்சால் இறுக்கினேன். இழுத்தால் இறுகுமே தவிர அவிழாது.

பப்படம் என் மகள் திவ்யலட்சுமியின் நாய். வலி நிவாரண மையத்துக்காக நாயோடு பத்து கிலோமீட்டர் நடப்பதாகச் சொல்லி, நன்கொடை தர அவள்தான் ஆபீஸ் முழுக்க ஆள் பிடித்து வைத்திருந்தாள். போன வாரம் காலை ஒடித்துக்கொண்டாள். அவளுக்குப் பதிலாக நான். கிளம்பும்போது, "அப்பா, இவனையும் விட்றாதீங்க" என்றாள். அந்த 'உம்' எனக்குத் தைத்தது. இதற்கு முந்தைய நாய், நான் சாத்த மறந்த கேட் வழியாகத்தான் ரோட்டுக்கு ஓடி லாரியில் அடிபட்டது. இரண்டு மாதம் என்னோடு அவள் பேசவில்லை.

வழிகாட்டியாக வந்த தோட்டத் தொழிலாளி செல்லபாய் என் கையைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணாச்சி, இத அவுத்துருங்க. காட்டெருமப் போத்து வந்தா நாயி உங்க காலுக்குள்ளதான் வந்து ஒளியும்."

"நான் கெட்டுனது அவுறாது தாயி" என்றேன், பெருமையாக.

மூன்றாவது கிலோமீட்டர் தாண்டியும் எனக்கு நிலைகொள்ளவில்லை. இலை அசைந்தாலும் திரும்பிப் பார்த்தேன். நாலாவது வளைவில் தேயிலைக்குள் ஒரு காட்டெருமைக் கன்று தலை தூக்கியது. பப்படம் குரைத்தான். கன்றுக்குப் பின்னாலிருந்து தாய் எழுந்து வந்தது. எல்லோரும் பெல்ட்டை விட்டார்கள், நாய்கள் சிதறின. பப்படம் மட்டும் செல்லபாய் சொன்னபடியே என் காலைச் சுற்றிக்கொண்டான். விழுந்தேன்.

"விடுங்க அண்ணாச்சி!"

"அவுற மாட்டேங்குதே!"

செல்லபாய் இடுப்பிலிருந்த அரிவாளால் கயிற்றை அறுத்தாள். அறுத்த பிறகும் என் விரல்கள் நாய்ப் பக்கத்து முனையைப் பிடித்திருந்தன. நானேதான் விரலைத் திறந்தேன். பப்படம் சரிவில் பாய்ந்தான், எருமை அவன் பின்னால் போயிற்று. எனக்கு உயிர் இருந்தது. வெட்கமாக இருந்தது.

மத்தியானத்துக்குள் மற்ற நாய்களெல்லாம் திரும்பிவிட்டன. பஸ் ஹார்ன் அடித்தது. "அங்கிள், வரூ, போகாம்" என்று ஸ்ரீஜித் இரண்டு தடவை கூப்பிட்டான். நான் அசையவில்லை.

"சட்டையக் கழத்தி அது ஓடுன எடத்துல போடுங்க" என்றாள் செல்லபாய். "மோப்பம் புடிச்சு வரும். வரும்னுதான் நெனைக்கேன்."

சட்டையை விரித்துவிட்டுப் பனியனோடு பாறைமேல் ஏறினேன். அங்கேதான் போனுக்கு உயிர் வந்தது. திவ்யா. வீடியோ கால்.

"எத்தன கிலோமீட்டர் ஆச்சுப்பா? எங்க அவன்?"

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது.

"விட்டுட்டேன் மக்ளே. நீ ஒரு தடவ கூப்பிடு."

அவள் போனை வாயருகே கொண்டுபோனாள். பிறகு உடைந்த குரலில், "பப்படம்... வாடா" என்றாள். சரிவு முழுக்கக் கேட்கட்டும் என்று போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். மணிக்கட்டில் ஒரு சாண் கயிறு ஆடிக்கொண்டிருந்தது.