ரோலர்சாமி மேல ஒரு புகார்

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. நெய்வேலி மைன்ஸ்ல இருபத்தெட்டு வருஷமா பர்மனென்ட். யூனியன்ல கிளைச் செயலாளர். அது போதாதுன்னு ஞாயித்துக்கிழமை ஆனா வாசகர் வட்டத்துல மதம்னா என்னன்னு பாடம் வேற எடுப்பேன். சாமி பேரு வைக்கக் கூடாதுன்னு வைராக்கியமா அப்பா வச்ச பேரு செங்குட்டுவன். அந்தப் பேருக்குப் பங்கம் வராம, எந்த எடத்துல சாமி கண்ணுல பட்டாலும் ஒரு கிண்டல் பண்ணாம நகர மாட்டேன். அந்த வாய் பாத்த வேலையைச் சொல்லக் கூசுது. சொல்லாம வச்சிக்கினு இருந்தா அதைவிடக் கூசுது.

மைன்ஸ்ல கரி ஏத்தற பெல்ட் கிலோமீட்டர் கணக்குல ஓடும். பெல்ட்டைத் தாங்க அடியில வரிசையா இரும்பு உருளைங்க இருக்கும், ரோலர்னு சொல்லுவோம். தேஞ்ச ரோலரைக் கழட்டிட்டுப் புதுசு மாட்டறது காண்ட்ராக்ட் ஆளுங்க வேலை. வடக்குத்து ஊர்க்காரர் பெரியண்ணன் அப்படி ஒண்ணை மாட்டிக்கினு இருக்கும்போது, நிறுத்தியிருந்த பெல்ட்டை யாரோ ஓட்டிட்டாங்க. கையோட ஆளையும் சேத்து இழுத்துடுச்சு. பத்தே நிமிஷத்துல அவரை ஒரு வண்டியில ஏத்தி வெளிய கொண்டுபோனாங்க. குடிச்சிட்டு மத்தியானமே வேலையை விட்டுப் போயி, வடலூர் ரோட்டுல லாரியில அடிபட்டுச் செத்தார்னு காண்ட்ராக்டர் எழுதிட்டான். அடப்பாவி, பெரியண்ணன் டீயைத் தவிர எதையும் தொடாத மனுசன்.

கண்ணால பாத்தவ தனகோட்டி. பெல்ட்டுக்கு அடியில சிந்தற கரியை வார்ற பொம்பளை. அவ வாயைத் திறந்தா அடுத்த காண்ட்ராக்ட்ல பேரு இருக்காது. எங்ககிட்ட சொன்னதோட சரி, ஆபீசருங்க முன்னால திறக்கலை. ஆனா காரியம் முடிஞ்ச மறுநாள், பெரியண்ணன் மாட்டிக்கினு இருந்த அந்த ரோலர் பெல்ட் ஓரமா மண்ணுல செங்குத்தா நின்னுது. மஞ்சள் பூசி, குங்குமம் வச்சு, ஒரு முழம் கனகாம்பரம். ஷிப்ட் ஏறும்போது பொம்பளைங்க கம்பூட்ஸைக் கழட்டிட்டு ஒரு சுத்து சுத்திக் கும்பிட்டுத்தான் வேலைக்குப் போவாங்க. ரோலர்சாமின்னு பேரும் ஆயிடுச்சு.

எனக்குப் பத்திக்கினு வந்துது. அந்த ஞாயிறு வாசகர் வட்டத்துல எழுந்து சொன்னேன்: "காண்ட்ராக்டர் கொன்ன மனுசனை சாமியாக்கிட்டாங்க. மனுசனா இருந்தா நியாயம் கேக்கணும். சாமின்னா சூடம் கொளுத்தினா போதும்." கைத்தட்டுன்னா அப்படி ஒரு கைத்தட்டு. அந்த வாக்கியத்து மேல எனக்கே ஆசை வந்து இன்னும் மூணு கூட்டத்துல சொன்னேன்.

அதோட நிறுத்தியிருந்தாலும் தப்பிச்சிருப்பேன். வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கினேன். சேஃப்டி ஆபீசருக்கு ஒரு புகார் எழுதினேன். அவருக்குத் தமிழ் தெரியாது, அதனால இங்கிலீஷ்ல. சிலர் பழைய ரோலர் ஒண்ணை நட்டு வச்சு மூடநம்பிக்கையில சூடம் கொளுத்தறாங்க, கரி பத்திக்கிற அபாயம் இருக்குது, உடனே அகற்றணும்னு எழுதினேன். பெரியண்ணன் பேரை எழுதலை. மறந்து போயி இல்லீங்க. செத்தவன் பேரு வந்தா ஆபீசர் தயங்குவார், ரோலர் அங்கேயே நிலைச்சிடும்னு வேணும்னே விட்டேன். மூணாம் நாள் ரோலர் ஸ்க்ராப் யார்டுக்குப் போச்சு. அடுத்த மாசம் ஏலத்துல மத்த இரும்போட இரும்பா அதுவும் போச்சு.

பெரியண்ணன் சம்சாரம் அம்சவல்லியும் தனகோட்டி மாதிரி கரி வார்றவதான். அவ கடலூர்ல லேபர் ஆபீசுல மனு குடுத்திருந்தா. புருசன் குடிச்சிட்டுச் சாகலை, வேலையில செத்தார்னு ஒரு காகிதத்துல வரணும். அவ கேட்டது அவ்வளவுதான். விசாரணைக்கு யூனியன் சார்பா நான்தான் பஸ் ஏத்திக் கூட்டிக்கினு போனேன். அதிகாரி நல்ல மனுசர், பொறுமையா சாட்சி இருக்குதாம்மான்னு கேட்டார். இருக்குதுன்னா அம்சவல்லி. ரோலர்ல நம்பர் வெட்டியிருக்கும், அன்னிக்கு எத்தனை மணிக்கு, எந்த பெல்ட்டுக்கு, யார் கையில அந்த நம்பர் குடுத்தாங்கன்னு ஸ்டோர்ஸ் நோட்டுல இருக்கும், ரெண்டையும் ஒத்துப் பாத்தா போதும், ஆனா ரோலரை யாரோ எடுத்துட்டாங்க, எங்க இருக்குதுன்னு தேடித் தரணும்னு சொன்னா. சும்மா போட்டு வச்சா எடுத்துடுவாங்க, சாமின்னா கை வைக்கப் பயப்படுவாங்கன்னுதான் எல்லாருமா சேர்ந்து அதை நட்டாங்களாம். பயப்படாத ஒருத்தன் இருந்தானே, அவ பக்கத்து நாற்காலியிலயே.

காண்ட்ராக்டர் வக்கீல் சிரிச்சிக்கினே என் புகாரோட நகலை எடுத்து மேசை மேல வச்சார். அது ஏதோ மூடநம்பிக்கைக் கல்லு மாதிரி, சாவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை, யூனியன்காரரே எழுதிக் குடுத்திருக்கார்னு இங்கிலீஷ்ல சொன்னார். அம்சவல்லிக்குப் புரிஞ்சது என் பேரு மட்டுந்தான். என் பக்கம் திரும்பினா. கையெழுத்து உங்களுதான்னு அதிகாரி கேட்டார். ஆமான்னேன். நகலை என் கையில குடுத்து, சாப்பாட்டுக்கு அப்புறம் பாக்கலாம்னு எழுந்துட்டார்.

வராண்டாவுல பெஞ்சுல உக்காந்தோம். நான் எழுதினதுலதான் ரோலர் போச்சுன்னு மென்னு முழுங்கிச் சொன்னேன். சூடம், தீ, அபாயம்னு என்னென்னமோ உளறினேன்.

"நாங்க எங்கங்க சூடம் கொளுத்தினோம்? கரி பத்திக்கும்னு கரி வார்றவளுக்குத் தெரியாதுங்களா?"ன்னா.

ஒரு நாள் கூட நான் கிட்ட போயிப் பாத்ததில்லை. சூடம் என் வாக்கியத்துல மட்டுந்தான் எரிஞ்சிருக்குது. அப்பவும் புத்தி போகுதா பாருங்க. அப்ப அது சாட்சிக்காக நட்டதுதானே, சாமின்னு நம்பலைதானேன்னு கேட்டேன். அப்படி ஒரு பதில் வந்தா என் பாடம் பிழைச்சிக்கும்.

"சாட்சிக்குந்தான் நட்டோம். சாமின்னுந்தான் கும்புட்டேன். அவரு செத்ததப் பாத்ததுல அது ஒண்ணுதான வாயத் தொறந்து நின்னுது. அதக் கும்புடாம வேற எதக் கும்புடறது?"

என் மடியில இருந்த நகலைக் காட்டி, அதுல என்ன எழுதியிருக்குது, தமிழ்ல படிங்கன்னா. படிச்சேன். தேதி, பெல்ட் நம்பர், எல்லாம் சொல்லிக்கினே வந்து 'சிலர்'னு இருந்த எடத்துல நின்னேன். அவ என் வாயையே பாத்துக்கினு இருந்தா. "பெரியண்ணன் என்கிற தொழிலாளி வேலையில இறந்த எடத்துல நட்ட ரோலர்"னு படிச்சிட்டேன். காகிதத்துல இல்லாததை வாயால எழுதிட்டேன். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்னு சொல்லுவாங்க. ரெண்டையும் நான் ஒருத்தனே பண்ணேன். ஏழை ஜனத்துக்குப் பொய் ஆறுதல் சொல்லுதுன்னு சாமியை நாப்பது வருஷம் திட்டினவன்தான் அது.

அம்சவல்லி முகம் தெளிஞ்சிடுச்சு. காலையில இருந்து அப்பத்தான் மூச்சு விட்ட மாதிரி இருந்தா. ரோலர் போனாப் போவுது, சர்க்கார் காகிதத்துல அவரு பேரு ஏறிடுச்சே, இதையே அதிகாரி ஐயாகிட்ட காட்டிடலாம்னா. முந்தானையில கையைத் துடைச்சிக்கினு காகிதத்தை என் மடியில இருந்து எடுத்தா.

"இங்கிலீஷ்ல எந்த எடத்துலங்க இருக்குது அவரு பேரு? காட்டுங்க. ஒருதரம் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கறேன்."

அவ விரலு காகிதத்துக்கு மேல நின்னுது. வைக்க எடம் இல்லை.

"பேரு இல்லம்மா"ன்னேன். "நான் எழுதலை."

"இப்பப் படிச்சீங்களே"ன்னா.