கடைமடையின் ஹிட் பாட்டுகள்

எங்கள் பேண்டின் பெயர் கடைமடை. ஆற்றுத் தண்ணீர் எல்லாருக்கும் போய், கடைசியாக வந்துசேரும் வயல்களுக்குத்தான் அந்தப் பெயர். ப்ராக்ரஸிவ் ராக் வாசிக்கிறோம். அதாவது, எங்கள் பாட்டு ஒன்று முடிவதற்குள் தஞ்சாவூரில் பஸ் ஏறியவர் திருவையாற்றில் இறங்கி காபியும் குடித்துவிடலாம்.

அப்படிப்பட்ட எங்களுக்கு 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' ஆல்பம் போட சென்னைக் கம்பெனி ஒன்று ஆசைப்பட்டது. யாரோ கல்யாண ரீல்ஸில் எங்கள் பாட்டு ஒன்றின் கடைசிப் பகுதியைப் போட, அது ஊரெல்லாம் ஓடியிருந்தது.

பாட்டு தமிழ்நிலாவுடையது. பாடுவதும் கீபோர்டும் அவள்தான். கல்லணையில் திறந்த தண்ணீர் அவளுடைய அப்பாவின் வயலுக்கு வந்துசேரும் கதை. பாதிப் பாட்டு வரைக்கும் வாய் திறக்க மாட்டாள். தண்ணீர் வருவதற்கு முன்னால் என்ன பாட்டு என்பது அவள் கட்சி.

கம்பெனிக்காரர் ஜெயபால், நாங்கள் வாசித்துப் பழகும் நெல் குடோனுக்கே வந்தார். கீழவாசல் ஜவுளிக்கடையில் வளர்ந்தவன் என்று பேரம் பேச என்னை முன்னே தள்ளினார்கள்.

"ஆல்பத்துக்குப் பத்து ட்ராக். ஒண்ணொண்ணும் மூணு நிமிஷத்துக்குள்ள. இந்த ரீல்ஸ் பாட்டுல பாடுற இடம் மட்டும் போதும் தம்பி."

"முழுசா இருபத்தேழு நிமிஷங்க."

"இதுக்கு மட்டும் நாலு நிமிஷமாக்கிக்கலாம்."

"இருபது."

"ஆறு. அதுக்கு மேல யாரு கேக்குறா?"

"உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். பன்னெண்டு," என்று கையை நீட்டிவிட்டேன். நடுவில் வந்து நிற்பது எங்கள் குடும்ப வியாதி.

தமிழ்நிலா கீபோர்டை அணைத்தாள்.

"நௌஷாத், யாரு வீட்டுச் சரக்கை யாரு குறைக்கிறது? பாதி வழியில தண்ணிய நிறுத்தினா அது மேல்மடைக்காரன் கதை. அவனுக்குத்தான் பாட்டே இல்லாம தண்ணி வருதே."

"பாட்டுதானேம்மா," என்றார் ஜெயபால்.

"அதாங்க. பாட்டுலயாவது வந்து சேரட்டும்."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

"அண்ணே, பத்து ட்ராக், மூணு மூணு நிமிஷத்துக்குள்ள. அவ்வளவுதானே உங்க பேச்சு?"

"அவ்வளவுதான்."

"இந்த ஒரே பாட்டை முழுசாப் பத்தாப் பிரிச்சுத் தர்றோம். வரிசையா, நடுவுல இடைவெளி இல்லாம."

"இதுக்குப் பேரு ஹிட்ஸ் ஆல்பமா?"

"எங்ககிட்ட இருக்கிற ஹிட்டே ஒண்ணுதானே."

"முதல் அஞ்சுல ஒருத்தரும் பாடலையேப்பா."

"காத்திருக்கட்டும்," என்றாள் தமிழ்நிலா. "நாங்க வருஷா வருஷம் காத்திருக்கலையா?"

"ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க."

"அப்ப இந்தப் பாட்டு கிடையாதுங்க. ரீல்ஸ்ல ஓடாததாப் பாத்து எடுத்துக்குங்க," என்றேன்.

ஜெயபால் எழுந்து வாசலுக்குப் போனார். வாங்காமல் போகிறவர் செருப்பை மாட்டும் வேகம் எனக்குத் தெரியும். இவர் குனிந்து, வாரைத் தேடிக்கொண்டிருந்தார். தமிழ்நிலாவோ அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. கீபோர்டைப் போட்டு முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்திருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் நிமிர்ந்தார்.

"பத்துக்கும் தனித்தனியாப் பேர் வேணுமேம்மா."

அவள் விரலை நிறுத்தவில்லை.

"முதல்ல உக்காந்து முழுசாக் கேளுங்க. பேரு அப்பறம்."