அரை முடிச்சு

கோல்டர் தீவில் ஓட்டுப் போடுவது என்றால் கை தூக்குவதுதான். மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை பள்ளிக்கூட ஹாலில் ஊர் கூடும். பன்றிக்கறி போட்டு வேகவைத்த மொச்சை பெரிய பானைகளில் வரும். தலைவர் தீர்மானத்தை வாசிப்பார். ஆட்கள் பக்கத்தில் இருப்பவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையைத் தூக்குவார்கள். ஒருத்தர் கேட்டாலும் சீட்டு கொடுத்து ரகசியமாக ஓட்டெடுக்க வேண்டும் என்று பழைய விதி ஒன்று உண்டு. நினைவு தெரிந்து யாரும் கேட்டதில்லை. கேட்டால், மறைக்க என்னமோ வைத்திருக்கிறான் என்று அர்த்தம்.

இந்த வருஷம் வெர்னா டையர் கேட்டாள்.

பள்ளிக்கூடத்தை மூடுவதா என்பது தீர்மானம். மூன்று பிள்ளைகள், ஒரு டீச்சர், ஏறிக்கொண்டே போகும் வீட்டு வரி. மூட வேண்டும் என்றவர் தலைவர் ஆல்டன் டையர். வெர்னாவின் செத்துப்போன புருஷன் மெர்லுக்குச் சித்தப்பா. மூடிவிட்டால் அவள் மகள் டெஸ்ஸா கடல் தாண்டிக் கரைக்குப் போய்ப் படிக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையை யார் வீட்டிலோ விட முடியாது. வெர்னாவும் கூடவே போக வேண்டியதுதான். போனால் மெர்ல் சிங்கிறால் பிடித்து, இப்போது அவள் பிடிக்கும் இடம் கைவிட்டுப் போகும். தீவில் குடியிருப்பவனுக்குத்தான் தீவின் கடல். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது கிடையாது. ஆனால் சட்டத்தைவிடக் கெட்டி.

"சீட்டுல போடுவோம்," என்று எழுந்து நின்றாள்.

கரண்டிச் சத்தம் நின்றது.

"ஏம்மா, கை சுளுக்கிக்கிச்சா?" என்றார் ஆல்டன். ஹாலே சிரித்தது.

"என் கை நல்லாத்தான் இருக்கு மாமா. உங்களப் பாத்தா சில பேருக்குத்தான் கை மேல வரமாட்டேங்குது."

இதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. வெர்னா வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "பதினாறு வருசம் இங்கயே கட்டிக் கெடந்தாலும் வெளியூர்ல செஞ்ச படகு வெளியூர்ப் படகுதான்."

எண்ணினார்கள். மூடு என்று இருபத்தொன்பது. வேண்டாம் என்று முப்பத்தொன்று. ஆல்டன் காகிதத்தை இரண்டு தரம் பார்த்தார்.

"முப்பத்தோரு பேரு," என்றார். "யார் யாருன்னு தெரிஞ்சா நல்லாயிருக்கும்."

அடுத்த வாரம் முழுக்க, கடையிலும் படகுத்துறையிலும், ஆளாளுக்கு வலிய வந்து சொன்னார்கள்: நான் மூடத்தான் போட்டேன். ஊர் பேசியதைக் கூட்டிப் பார்த்தால் வேண்டாம் என்று போட்டது ஒரே ஒரு ஆள்.

ஏப்ரலில் வெர்னா இருநூறு சிங்கிறால் கூண்டுகளைக் கடலில் இறக்கினாள். ஒவ்வொரு கூண்டின் கயிற்று நுனியிலும் ஒரு மிதவை. நாலாம் நாள் பதினோரு மிதவைகளில், மேலே நீட்டியிருக்கும் குச்சியைச் சுற்றி, அவளுடைய கயிற்றாலேயே ஓர் அரை முடிச்சு. அலை அப்படி முடிச்சுப் போடாது. இது உன் தண்ணீர் இல்லை, எடுத்துக்கொண்டு போ என்று அதற்குப் பொருள். முதலில் முடிச்சு, அப்புறம் கத்தி. கயிறு அறுந்தால் கூண்டு கடலடியிலேயே கிடந்து போகும். அவிழ்த்தாள். மறுநாள் பத்தொன்பது.

அதற்கடுத்த நாள் காலை, மூடுபனி கையை நீட்டினால் கை தெரியாத அளவுக்கு இறங்கியிருந்தது. வெர்னா தன் மிதவைகளுக்கு நடுவில் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். ஒன்பது மணிவாக்கில் ஒரு படகுச் சத்தம் மெல்ல வந்து பக்கத்தில் நின்றது. துடுப்புப் போட்டு நெருங்கினாள்.

ஹாலிஸ் பீல். மெர்லோடு இருபது வருஷம் தொழில் செய்தவர். அந்த மூன்று பிள்ளைகளில் ஒருவன் அவருடைய பேரன்.

"நீங்களா அண்ணே?"

"சத்தம் போடாத." கயிறு கையிலேயே இருந்தது.

"சீட்டுல, மூட வேணாம்னுதானே போட்டீங்க?"

"ஆமா. அதனாலதான்." மூக்கைப் புறங்கையால் துடைத்தார். "பேரன் படிக்கிறான், அதனால என்னையத்தான் எல்லாரும் மொதல்ல பாக்குறாங்க. உன் கயித்துல முடிச்சுப் போட்டவன எவன் சந்தேகப்படுவான்?"

"ஆல்டன் மாமா சொன்னாரா?"

"அவரு எதுக்குச் சொல்றாரு? துறையில தோள்ல கை போட்டு, 'கயிறெல்லாம் பத்திரமா இருக்கா ஹாலிஸ்'னு கேட்டாரு. அவ்வளவுதான்."

"அடுத்து கத்தி. அதுவும் நீங்கதானா?"

"வேற எவனாவது வந்தா இருநூறும் போயிடும்மா. நான்னா பாதியோட விட்டுடுவேன்."

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் செத்தது. "மெர்ல தூக்கிக் குழியில எறக்குன கை அது. முடிஞ்சா இப்பவே வெட்டுங்க. என் கண்ணு முன்னால வெட்டுங்க, பாப்போம்."

முடியாது என்றுதான் நினைத்தாள். ஹாலிஸும் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது பனிக்குள் எஞ்சின் சத்தம் கேட்டது. ஒன்று. பிறகு இடப்பக்கம் இன்னொன்று. வேகம் குறைத்து, கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நின்றன. மூன்றாவதும் வந்தது. யாரும் கூப்பிடவில்லை. எஞ்சின்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

ஹாலிஸ் காது கொடுத்தார். இடுப்பிலிருந்து கத்தியை உருவினார்.

"அண்ணே."

"இது எங்க தண்ணிடீ!" என்று பனிக்குள் கேட்கிற மாதிரி கத்தினார். கண் மட்டும் அவளிடம் கெஞ்சியது. கத்தி ஒரே இழுப்பில் கயிற்றை அறுத்தது. மிதவை துள்ளி, பக்கவாட்டில் சாய்ந்து மிதந்துபோனது.

எஞ்சின்கள் நகரவில்லை. இன்னும் காத்திருந்தன. ஹாலிஸ் கொக்கியை நீட்டி அடுத்த மிதவையை இழுத்தார்.