பதினைந்தாம் தலைமுறைச் சிம்போலன்

படகில் ஏறிய பத்தாவது நிமிடம் பார்லின் தன் காதலுக்குத் தானே வேட்டு வைத்துக்கொண்டான். செய்தது ஒன்றுதான். உட்கார இடம் கேட்டான்.

டோபா ஏரியைக் கடக்கும் சனிக்கிழமைப் படகில் கால் வைக்க இடமில்லை. கால் கட்டிய பன்றி ஒன்றுக்கும் மீசைக்காரர் ஒருவருக்கும் நடுவே மட்டும் ஓர் இடைவெளி.

"இது எங்க சிம்போலன் ஆளுக்குப் போட்ட இடம்," என்றார் மீசை. "நீ எந்தக் குலம்?"

பார்லின் சினாகா குலம். ஜகார்த்தாவில் வளர்ந்தவன். அக்கரையிலுள்ள பாங்குருரானில் நடக்கும் குல விருந்துக்குப் போய், ருகுன் சிம்போலனை அவள் அப்பாவிடம் பெண் கேட்பதற்காகத்தான் இந்தப் பயணம்.

"நானும் சிம்போலன்தான்."

"குல முன்னோர்ல இருந்து எத்தனாவது தலைமுறை?"

வாய்க்கு வந்ததைச் சொன்னான். "பதினஞ்சு."

ஐம்பத்தெட்டு வயது மீசை, இருபத்தேழு வயதுக்காரனுக்காக மரியாதையாக எழுந்து நின்றது.

"நான் பதினாறு. அப்ப நீங்க எனக்குச் சித்தப்பா. உக்காருங்க சித்தப்பா. காலை நீட்டிக்குங்க, பன்னி கடிக்காது."

சித்தப்பா சொகுசாக உட்கார்ந்தார். மகன் முறைக்காரர் பொட்டலத்தைப் பிரித்து மஞ்சள் போட்ட கெண்டை மீன் கொடுத்தார். சித்தப்பா அதையும் தின்றார்.

அக்கரை நெருங்கியது. எரிமலையடியிலிருந்து வந்த கந்தக வாசனையோடு ஒரு குரலும் வந்தது. "ருகுன் அப்பா, பன்னி வந்துருச்சா?"

அந்தப் பக்கம் ஓர் ஆளுக்கு முதல் பிள்ளை பிறந்துவிட்டால், பிறகு பிள்ளை பெயரைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிடுவார்கள்.

"வந்துருச்சு," என்று குரல் கொடுத்தார் மீசை.

பார்லின் நீட்டிய காலை மடக்கிக்கொண்டான். "உங்க பொண்ணு பேரு... ருகுனா?"

"ஆமா சித்தப்பா. உங்களுக்குப் பேத்தி முறை."

ஒரே குலத்தில் கல்யாணம் கிடையாது. அண்ணன் தங்கை முறை என்றாலே ஊர் கல்லால் அடிக்கும். இவனோ தாத்தா.

வீட்டு வாசலில் நின்ற ருகுன் அவனைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"தாத்தாவுக்குக் கை குடும்மா," என்றார் அப்பா.

கொடுத்தாள். விரல் எலும்பு நெரிந்தது. அப்பா பன்றியோடு நகர்ந்ததும் பல்லைக் கடித்தாள். "என்னடா பண்ணித் தொலைச்ச?"

"படகுல உக்கார இடம் இல்ல..."

"நின்னுட்டு வந்தா கால் கழண்டுடுமா?"

"உங்கப்பாகிட்ட உண்மையச் சொல்லிடறேன்."

"அவரு இந்நேரம் பந்தல் முழுக்கச் சொல்லியிருப்பாரு. ஒவ்வொருத்தர் முறையையும் சொல்லிக் கறிப் பங்கு கூப்பிடுவாங்க. உன் பேரு சொல்லி நீ கை நீட்டி வாங்கிட்டா முடிஞ்சுது. சாகிற வரைக்கும் நீ எனக்குத் தாத்தாதான்."

மதியம், இருநூறு பேருக்கு நடுவே, மைக்கில் மீசையின் குரல் முழங்கியது. "கீழ்த்தாடைப் பங்கு, ஜகார்த்தாவுல இருந்து வந்திருக்கிற எங்க பார்லின் சித்தப்பாவுக்கு."

தட்டு வந்தது. மூக்குக்கு நேராக நின்றது. பார்லின் கை நீட்டவில்லை.

சுற்றிலும் பார்த்தான். சிம்போலன்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வீட்டில் பெண் எடுத்தவர்கள் மட்டும் வியர்க்க விறுவிறுக்கப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் போலீஸ் அதிகாரி ஒருவரும் இருந்தார். வெளியே சல்யூட் வாங்கும் ஆள், இங்கே சோற்றுக் கூடை சுமந்தார்.

பார்லின் எழுந்தான். தட்டைத் தாண்டினான். அதிகாரியிடமிருந்து கூடையைப் பிடுங்கி, முதல் இலையில் சோறு வைத்தான்.



"சித்தப்பன் எதுக்குடா மாப்பிள்ளை வேலை பாக்குறான்?" என்றது ஒரு கிழக்குரல்.

மீசை அவனைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். மைக்கைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"நெசமா எந்தக் குலம்?"

"சினாகா."

"இடத்துக்காகவா பொய் சொன்ன?"

"ஆமாங்க."

"காலையில இருந்து உன்னைச் சித்தப்பான்னு கூப்பிட்டிருக்கேன். என் மீனைத் தின்னிருக்க."

"நல்லா இருந்துச்சுங்க."

மீசை துடித்தது. அடிக்கப் போகிறார் என்றுதான் ருகுன் நினைத்தாள். அவர் திரும்பிப்போய் மைக்கை எடுத்தார்.

"ஆள் மாறிப்போச்சு. தாடையைப் பெரியண்ணனுக்குக் குடுங்க."

பிறகு மைக்கை மூடாமலே பார்லின் பக்கம் திரும்பினார். "டேய், கடைசி வரிசைக்குச் சோறு போகல. இந்த வீட்டு மாப்பிள்ளைங்க நடக்கறதில்ல, ஓடுவாங்க."

பார்லின் ஓடினான்.